கையை எடுக்கத் தெரிய வேண்டும்

சென்னை மாநகரப் பேருந்தில் கூட்ட நேரத்தில் நடத்துநர் பெரும்பாலும் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். பயணிகளின் காசு கைமாறிக் கைமாறி அவரிடம் போகும். டிக்கெட் அதே வழியில் திரும்பி வரும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆட்டிசம் உள்ள 15 வயதுப் பையனிடம் பக்கத்தில் நிற்பவர் ரூபாய் நோட்டை நீட்டி, "ரெண்டு அடையாறு" என்றால், அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கூடும். கொடுத்தார், வாங்கிக்கொண்டான், அவன் கணக்கில் தவறேதும் இல்லை.

பேருந்துப் பயணம் பழக்கும் சிறப்பாசிரியருக்கு இப்படிப்பட்ட எழுதாத விதிகள்தான் பாடத்திட்டம். 29சி என்று பலகையில் இருந்தால் போதாது, வண்டி பெரம்பூர் போகிறதா பெசன்ட் நகர் போகிறதா என்று பார்க்க வேண்டும். காலியாக இருந்தாலும் பெண்கள் இருக்கையில் பையன் உட்காரக் கூடாது. பெரியவர் வந்தால் எழுந்து இடம் தர வேண்டும். மற்ற பிள்ளைகள் பார்த்தே பிடித்துக்கொள்ளும் இவற்றை இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பிரிப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. தோசை சுடுவதையே எடுத்துக்கொள்ளலாம். அடுப்பைப் பற்றவைப்பது, கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பது, மாவை ஊற்றுவது, வட்டமாக இழுப்பது, எண்ணெய் விடுவது, திருப்புவது, எடுத்துத் தட்டில் போடுவது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். முதல் நாட்களில் எல்லாவற்றையும் ஆசிரியரே செய்வார்; தோசையை எடுத்துத் தட்டில் போடுவது மட்டும் பையனின் வேலை. அது கைவந்த பிறகு திருப்புவது, பிறகு எண்ணெய் விடுவது என்று பின்னோக்கிப் போவார்கள். இதனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்துவைப்பவன் அவன்தான். சூடான தோசையும் உடனே கிடைக்கிறது.

மீதிப் பாதி, உதவியைக் குறைத்துக்கொண்டே வருவது. கையைப் பிடித்துச் செய்யவைப்பது, தொட்டுக் காட்டுவது, சைகை, வாய்ச்சொல் என்று உதவிக்குப் பல நிலைகள் உண்டு. பார்வைக்கு மிக லேசானது வாய்ச்சொல். ஆனால் விலக்குவதற்கு மிகக் கடினமானதும் அதுதான். "அடுத்து என்ன கண்ணா?" என்று அம்மா அன்பாகக் கேட்டுப் பழகிவிட்டால், அந்தக் கேள்வியும் வேலையின் ஒரு படியாகிவிடுகிறது. எண்ணெய்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தோசை கருகினாலும், அந்தக் குரலுக்காகப் பிள்ளை காத்து நிற்கும். அதனால்தான் சுவரில் படங்களை வரிசையாக ஒட்டுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான டீச் முறை இந்தப் பட அட்டவணையைப் பரவலாக்கியது. படம் பேசாது, அவசரப்படுத்தாது. வேண்டும்போது பார்க்கலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம்.

பேருந்திலும் இதே கணக்குதான். முதலில் ஆசிரியர் பக்கத்து இருக்கையில் இருப்பார். பிறகு நான்கு வரிசை பின்னால். பிறகு பேருந்துக்குப் பின்னே இருசக்கர வண்டியில். கடைசியில் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் காத்திருப்பார்.

வளரிளம் பருவத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சின்ன வயதில் கையை உதறியபோது பொறுத்துக்கொண்ட ஊர், மீசை அரும்பிய பையன் அதையே செய்தால் முறைத்துப் பார்க்கும். அந்த வயதில் பிள்ளைகளுக்கும் அது புரிகிறது. பள்ளியில் நாள் முழுக்க அடக்கி அடக்கி, மற்றவர்களைப் போல நடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகப்பையை வீசி எறிந்து கதறும் பிள்ளைகள் உண்டு. "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கான், வீட்லதான் இப்படி" என்று ஆசிரியர்கள் சொல்வது அந்த உழைப்பைப் பார்க்காததால்தான். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று முன்பு எல்லாரும் வற்புறுத்தினார்கள். அது தங்களுக்கு எவ்வளவு வேதனை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுதத் தொடங்கிய பிறகு, பல ஆசிரியர்கள் அதை விட்டுவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரியாமை ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் ஆகிய இரு தரப்பிலும் இருக்கிறது என்று 2012-இல் வாதிட்டார். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் யாரும் கேள்வி கேட்காத ஓர் அறை கிடைத்தாலே பல மாலைகள் அமைதியாகக் கழிகின்றன.

படிப்பிலும் சலுகை கிடைத்தால் மட்டும் போதாது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. ஆனால் சொல்லி எழுதவைப்பதே தனித் திறமை. விடையை மனதில் வரிசைப்படுத்தி, எழுதுபவரின் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். தேர்வு மண்டபத்தில் முன்பின் தெரியாதவரிடம் முதல்முறையாக அதைச் செய்யும் மாணவர் திணறிப்போவார். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒத்திகை பார்த்தவருக்கு அந்தத் திணறல் இல்லை.

18 வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் எந்தப் பிள்ளையும் வயதுவந்தவர்தான். பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர முடியாது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் ஆக வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, முடிவுகளை அந்த மாற்றுத்திறனாளியோடு கலந்து சேர்ந்தே எடுக்க வேண்டும் என்கிறது. என்ன சட்டை, என்ன சாப்பாடு என்பதைக்கூட ஒருபோதும் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு எதைக் கலந்து பேசுவது? எனவே பெற்றோர்கள் 18 வரை காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போடுவது, காசு எண்ணுவது, "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது ஆகிய மூன்றையும் 13, 14 வயதிலேயே தொடங்கிவிடுங்கள்.