கம்பத்தைப் பிடிக்கும் தோல்

கம்ப ஆட்ட வகுப்பு தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே கோச் வந்துவிடுகிறார். மலாக்கா நகரில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. கீழே டயர் கடை. மேலே, தரைக்கும் கூரைக்கும் இடையில் வரிசையாக எஃகுக் கம்பங்கள். ஸ்பிரிட் குப்பியும் துணியுமாக ஒவ்வொரு கம்பத்தையும் மேலிருந்து கீழாகத் துடைக்கிறார். ஏணி போட்டு ஏறி, கூரையில் பதிந்திருக்கும் தட்டின் திருகுகளை இறுக்குகிறார். பிறகு இறங்கி, கம்பத்தை இரண்டு கையாலும் பற்றித் தன் முழு எடையையும் தொங்கவிட்டு உலுக்கிப் பார்க்கிறார். அடியில் மெத்தை விரிக்கிறார். கடைசியாகக் குளிர்சாதனத்தைச் சரிசெய்கிறார். அறை புழுங்கினால் கை வியர்க்கும்; மிகவும் குளிர்ந்துவிட்டால் எஃகு சில்லிட்டுத் தோல் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது, அதை அவர் அறைக்குள் நுழைந்ததுமே உடம்பால் அறிந்துகொள்கிறார்.

மேடையில் ஆடுபவரைப் பார்க்கிறவர்களுக்கு இந்த அரை மணி நேரம் தெரியாது. கோச்சின் உள்ளங்கையில் விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு. முழங்கால் மடிப்பின் உட்புறம் தோல் கருத்துத் தடித்திருக்கிறது. பால்மரம் சீவிய என் பாட்டியின் கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். உழைத்த தோலைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

நான் அலோர் காஜாக்காரி. ஏ.எம்.ஜே. சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் போல வந்தால் இந்த மாடி. ஒரு காலத்தில் என் எடை 122 கிலோ. சர்க்கரை நோய் வாசல்வரை வந்து நின்றபோது, மருத்துவரின் கண்காணிப்பில் சாப்பாட்டை மாற்றி, நடந்து, சில ஆண்டுகளில் 68-க்கு வந்தேன். உடம்பு இளைத்தது. தோல் இளைக்கவில்லை. வயிற்றில் மடிப்பாகத் தொங்கியது, புஜத்தில் ஆடியது, தொடையின் உட்புறம் நடக்கும்போது ஒன்றோடொன்று உரசிப் புண்ணாகியது. கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துத் தடவி, "என்னம்மா, சீக்கா?" என்று கேட்டார். பருமனாக இருந்தபோது கேட்காத அக்கறை அது.

தோல் ஏன் திரும்பிச் சுருங்குவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தோலின் நடு அடுக்கில் கொலாஜன் நார்கள் பலம் தருகின்றன, எலாஸ்டின் நார்கள் இழுத்துவிட்டால் திரும்பும் தன்மையைத் தருகின்றன. எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உருவாகிறது. ஆண்டுக்கணக்கில் விரிந்து நைந்துபோன நாரை உடம்பு பிற்பாடு புதிதாக நெய்து கொடுப்பதில்லை. வயது, பரம்பரை, புகை, வெயில், எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தோம் என்பதெல்லாம் சேர்ந்து எவ்வளவு தொங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எந்தக் களிம்பும் இதை மாற்றாது. இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பசார் மாலாம் இரவுச் சந்தையில் தோல் இறுக்கும் எண்ணெய் வாங்கி ஏமாந்த பெண்கள் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

உபரித் தோலை அறுத்தெடுக்கும் சிகிச்சை இருக்கிறது. மடிப்புக்குள் ஓயாமல் புண் வருகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. எடை குறைந்தது ஆறு மாதமாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வார்கள். தனியார் மருத்துவமனையில் செலவு பல ஆயிரம் வெள்ளி. செய்துகொண்டவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "முதலில் வெட்டிவிட்டு வா, பிறகு ஆடலாம், ஓடலாம்" என்று என்னிடம் சொன்ன யாரையும் நான் ஏற்கவில்லை. உடம்பு சரியான வடிவத்துக்கு வந்த பிறகுதான் அதை உபயோகிக்க அனுமதி என்றால், நம்மில் பாதிப் பேருக்கு அந்த நாள் வரவே வராது.

கம்பத்தில் ஆடுவதற்கு வலிமையோடு தோலும் வேண்டும். கைப்பிடி தவிர, தொடையின் உட்பக்கம், முழங்கால் மடிப்பு, இடுப்பின் பக்கவாட்டு, அக்குள், முழங்கை மடிப்பு என்று வெறுந்தோல்தான் எஃகில் ஒட்டி ஆளை நிறுத்துகிறது. வகுப்பு நாளில் லோஷன் பூசக்கூடாது என்பதும், குட்டைக் கால்சட்டை அணிவதும் இதனால்தான். போட்டிக் கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். ஒரு மனிதரின் எடை முழுவதும் அந்த ஒல்லியான கோட்டில் இறங்குகிறது. புதிதாக வருகிற எல்லாருக்கும் தொடை எரியும், நீலம் பாயும்.

தளர்ந்த தோலுக்கு இதில் தனிச் சிரமம். பெரிய உறைக்குள் போட்ட சின்னத் தலையணையை வெளியிலிருந்து பிடித்தால் உறை கையில் நிற்கும், தலையணை உள்ளே வழுகும். என் தொடை அப்படித்தான். தோல் கம்பத்தில் ஒட்டி நிற்க, தசையும் எலும்பும் எடையோடு கீழே இறங்கின. அந்த இழுவையில் வரும் எரிச்சல் சாதாரண எரிச்சல் அல்ல. மடிப்பு கம்பத்துக்கும் தொடைக்கும் நடுவில் நசுங்கினால் கண்ணில் நீர் வந்துவிடும்.

கோச் இதைப் பார்த்ததும் என்னை இறங்கச் சொன்னார். முகத்தில் பரிதாபமும் இல்லை, அருவருப்பும் இல்லை. கைவேலைக்காரர் பொருளைப் பார்க்கும் பார்வை. "சிஸ், உட்கார்வதற்கு முன்னால் தோலை நீயே எடுத்து வை," என்றார் மலாயில். தன் தொடையில் செய்து காட்டினார். ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்தொடைத் தோலை அள்ளிப் பின்பக்கமாக இழுத்து, தொய்வு முழுவதும் எடுபட்ட பிறகு அந்த இறுகிய பரப்பைக் கம்பத்தில் பதித்து, கால்களைக் குறுக்கே மடித்து நெருக்கினார். "பெலான்-பெலான்," என்றார். மெதுவாக. நான் செய்தேன். தோல் ஏற்கெனவே இழுபட்டிருந்ததால் அதற்குமேல் வழுக இடமில்லை. கம்பம் என்னைத் தாங்கியது. வலித்தது, ஆனால் தாங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புஜத்துத் தோல் நசுங்காமல் இருக்க அக்குளைக் கம்பத்தில் வைக்கும் கோணம். இடுப்புப் பிடியில் மடிப்புக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும்போது வயிற்றுத் தோல் நெஞ்சை நோக்கிச் சரியும். முதல்முறை அது நிகழும்போது உடம்பு தன்னுடையதுதானா என்று மனம் பதறும், சமநிலையும் மாறும். அதற்கு மேல்வயிறுவரை ஏறி இறுக்கமாகப் பிடிக்கும் கால்சட்டை வேண்டும். சிலிக்கோன் உறையிட்ட கம்பங்களும் இருக்கின்றன. அவற்றில் உடலை மூடிய உடையோடும் ஏறலாம். தொடையைக் காட்ட விரும்பாதவர்களும், தோலில் புண் உள்ளவர்களும் அதில் தொடங்கலாம் என்று கோச் சொல்கிறார்.

கால்சட்டை கடைகளில் கிடைக்கவில்லை. இடுப்புக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் சுருண்டு இறங்கியது. அலோர் காஜாவில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கும் ஆண்ட்டி ஒருவரிடம் போனேன். எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அளவுநாடாவை எடுத்தார். நின்றபடி எடுத்தார், உட்காரச் சொல்லி எடுத்தார், அப்புறம், "குனி கண்ணு, நல்லாக் குனி. நீ தலகீழாத் தொங்கப்போறேன்னா நின்னு எடுத்த அளவு எதுக்கு ஆகும்?" என்றார். மூன்று அளவும் மூன்று விதமாக இருந்தன. குனிந்த அளவுக்கு இடுப்புப் பட்டியை இரட்டைத் துணியில் அகலமாக வைத்துத் தைத்தார். இன்றுவரை நான் அணிவதில் அதுபோல் ஒன்று அமையவில்லை. இந்தக் கலையின் தொழிலாளர் பட்டியலில் அவரையும் சேர்க்கிறேன்.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போனபோது விழுப்புரத்தில் இறங்கி மல்லர் கம்பம் பயிலும் பிள்ளைகளைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் அந்தக் கலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே கம்பம் மரம். அடியின் சுற்றளவு அரை மீட்டருக்கு மேல், மேலே போகப் போக ஒடுங்கிக் கழுத்தும் குமிழுமாக முடிகிறது. விளக்கெண்ணெய் தேய்க்கிறார்கள். எஃகில் ஒட்டுவதற்காக நாங்கள் தோலை உலர்த்துகிறோம், அங்கே தோல் கிழியாமல் இருக்க மரத்தை வழவழப்பாக்குகிறார்கள். தடித்த மரம் எடையை அகலமான பரப்பில் வாங்கிக்கொள்கிறது. எண்ணெயால் இழக்கும் பிடியைத் தொடையின் நெருக்கம் ஈடுசெய்கிறது. மெல்லிய எஃகின் மேல் என் தொடை ஏன் அப்படி எரிந்தது என்பது எனக்கு அந்த மண் திடலில்தான் முழுதாக விளங்கியது.

மல்லர் கம்பத்தைப் பற்றிய குறிப்பு 12-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்திலேயே இருக்கிறது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். 2013-இல் மத்தியப் பிரதேசம் அதை மாநில விளையாட்டாக அறிவித்தது. மும்பையில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கம்பத்தில் உடம்பை நிறுத்துவது நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களுக்காக இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பழம்பெருமையைக் காட்டி எஃகுக் கம்பத்தின் சொந்த வரலாற்றை மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கற்கும் அசைவுகளில் பெரும்பகுதியை உருவாக்கியவர்கள் மேற்கில் இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்த பெண்கள். 1990-களில் கனடாவின் ஃபானியா மாண்டி போன்றவர்கள் அதைச் சாதாரணப் பெண்களுக்குக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். 2009-இல் அனைத்துலகக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 2017-இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. அங்கீகாரம் நல்லதுதான். அதை வாங்கித் தந்த உடம்புகளில் விடுதிப் பெண்களின் உடம்பும் உண்டு. என் கோச்சை "அந்த மாதிரி ஆட்டம்" சொல்லிக் கொடுப்பவர் என்று யாராவது குறிப்பிடும்போது எனக்குக் கோபம் வருகிறது. காய்ப்பேறிய கையோடு பிறர் எடையைத் தோளில் வாங்கி வேலை செய்கிறவர் அவர். ஒருவர் விழுந்தால் தலையும் கழுத்தும் தரையில் படாமல் பிடிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

எங்கள் வட்டாரத்தின் கதையைப் பார்த்தால் இப்படி ஒரு வகுப்பு ஏன் முக்கியம் என்று தெரியும். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை 1896-இல் டான் சாய் யான் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அதன்பின் வந்த தோட்டங்களில் நம் பாட்டிமார்கள் விடிவதற்கு முன்னே எழுந்து மரத்துக்கு மரம் நடந்தார்கள், குனிந்தார்கள், பால் வாளி சுமந்தார்கள். லயங்கள் போய்த் தாமான்கள் வந்தன. பெகோவில் ஹோண்டா தொழிற்சாலை வந்தது, அலுவலகம் வந்தது, மோட்டார் வந்தது. நடை போய்விட்டது, சோறும் சீனியும் கெட்டிப்பால் தேநீரும் அப்படியே இருந்தன. 2019-இன் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோடோ உடல் பருமனோடோ இருந்தார்கள். 2023-இல் அது 54.4. இந்தியரிடையே இந்த நிலை மற்ற இனத்தவரைவிட மோசம். எடையைக் குறை என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், கோயிலில் சொல்கிறார்கள், சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள். குறைத்தவளுக்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்வதில்லை. அவள் நீளக் கை ரவிக்கைக்குள் தன் தோலை மறைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறாள்.

இந்த மாடியில் இன்னொரு தமிழ்ப் பெண் இருக்கிறார், தாதி, என்னைவிட இளையவர். இரைப்பை அறுவைக்குப் பிறகு இளைத்தவர். "அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்குங்க," என்று ஏறும்போது சொல்வார். நான் மெத்தையருகே நின்று அவர் முதுகுக்குக் கை கொடுப்பேன். அவருடைய தோல் என் கையில் படும். இத்தனை ஆண்டில் மருத்துவரைத் தவிர யாரும் என் தோலைத் தொட நான் மனமார விட்டதில்லை. இங்கே அது வேலையின் ஒரு பகுதி.

அலோர் காஜா, மஸ்ஜித் தானா, புலாவ் செபாங் பக்கத்துச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மண்டபங்கள் வார நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. பெரிய அளவில் எடை குறைத்த பெண்களுக்காக, பெண்களே நடத்தும் ஒரு வகுப்பை அங்கே கொண்டுவாருங்கள். கம்பம் வேண்டாம் என்றால் கயிறாவது, தரைப் பயிற்சியாவது இருக்கட்டும். தோலைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரு ஆசிரியர் போதும்.

தனியாக வர நினைக்கும் சகோதரிக்கு: எடை நிலைப்பட்ட பிறகு வாருங்கள். அறுவை செய்திருந்தால் மருத்துவர் சரி என்ற பிறகே வாருங்கள். சர்க்கரை இருந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால், கோச்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உரசல் காயமும் நீலமும் உங்களுக்கு ஆற நேரமெடுக்கும். மடிப்புகளை வகுப்புக்கு முன்னும் பின்னும் ஈரமில்லாமல் துடையுங்கள். நகைகளைக் கழற்றுங்கள், லோஷன் பூசாதீர்கள். நீளக் கால்சட்டைக்கு அடியில் ஒரு குட்டைக் கால்சட்டை போட்டு வாருங்கள். எப்போது கழற்றுவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.