ஓரத்து நூல்

தொடர்கதை எழுதுகிறவனுக்குப் பத்திரிகாசிரியரின் குரலைப்போல் பயங்கரமான குரல் உலகத்தில் கிடையாது. பதினோராவது அத்தியாயத்துக்காக அவர் சென்னையிலிருந்து மூன்று தடவை டெலிபோன் செய்துவிட்டார். நானோ டில்லியில் தங்கை வீட்டில் உட்கார்ந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கதையில் கோமதி என்கிற விதவை, முப்பது வருஷம் உழைத்த தம்பி வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். புறப்படுகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுத்தானே போவாள்? நாலு பக்கம் வசனம் எழுதினேன். பேசியது கோமதி அல்ல, நான்தான்.

"போதும் அண்ணா, எழுந்து வா" என்று தங்கை என்னை டில்லி ஹாட்டுக்கு இழுத்துப் போனாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே 1994-ல் ஏற்பட்ட சந்தை அது. கைவினைஞர்கள் ஊர் ஊராக வந்து, பதினைந்து நாள் கடை போட்டுவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டுப் போவார்கள். கட்சிலிருந்து கண்ணாடித் தையல், லக்னோவிலிருந்து சிகன் வேலை... தங்கை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் வாங்கவில்லை.

வங்காளத்து அம்மாள் ஒருத்தி காந்தாப் புடவைகள் வைத்திருந்தாள். எல்லாம் புதுப் பட்டு, புது நூல். அழகுதான், ஆனால் கண்ணில் நிற்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மடித்திருந்த ஒரு பழந்துணிதான் நின்றது. கேட்டதும் விரித்துக் காட்டினாள். கிழிந்த பருத்திப் புடவைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த போர்வை. நடுவில் தாமரை; நாலு மூலையிலும் மரம். மிச்ச இடமெல்லாம் வெள்ளைமேல் வெள்ளையாகச் சின்னச் சின்ன ஓட்டுத் தையல். அதனால் துணி, காற்றடித்த குளம்போலச் சுருங்கியிருந்தது.

"சிவப்பு நூல் எங்கே வாங்கியது?" என்று என் ஓட்டை ஹிந்தியில் கேட்டேன். அவள் சிரித்தாள். வாங்குவதாவது! தன் புடவைக் கரையிலிருந்து ஓர் இழையை உருவுவதுபோல் விரலால் காட்டினாள். எந்தப் புடவை கிழிந்ததோ, அதன் கரையே நூலாகிவிடுகிறது. மாமியார் தைத்ததாம், விலைக்கு இல்லையாம்.

காந்தா என்றால் வேறொன்றுமில்லை, கசக்கிக் கட்டு என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கந்தைதான்.

எங்கள் அத்தையும் இப்படித் தைத்தவள். அவள் புடவையில் கரை ஏது? அம்மாவின் பழம்புடவைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அப்பாவோடு என்னவோ மனஸ்தாபம் வந்து அவள் எங்கள் வீட்டைவிட்டுப் போன அன்று, ஒரு வார்த்தை பேசவில்லை. என் படுக்கைமேல் ஒரு போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது. ஒரு பக்கம் மூட்டாமல் இருந்தது. அவகாசம் இல்லை போலிருக்கிறது. நான் காலேஜில் சேர்ந்த வருஷம், ஹாஸ்டல் பையன்கள் சிரிப்பார்கள் என்று, அதைப் போகி நெருப்பில் என் கையாலேயே போட்டேன். பருத்தி சீக்கிரம் எரிந்துவிடும்.

அன்று இரவே அத்தியாயத்தை முடித்தேன். கோமதி வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பழம்புடவைக் கரையிலிருந்து இழை உருவுகிறாள். வண்டி வந்ததும் எழுந்து போகிறாள். "வசனம் குறைச்சலாக இருக்கிறதே, ஸார்?" என்றார் ஆசிரியர். "அவ்வளவுதான் ஸார்" என்றேன்.

தங்கை படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"நம்ம அத்தைதானே அண்ணா? போகியன்னிக்கு நடந்ததை ஏன் எழுதல்லே?"

நான் மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினேன். அது என் மூக்கின்மேல்தான் இருந்தது.