எந்தக் கல் என்று கேளுங்கள்

எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் யாருக்காவது வயிற்றில் கல் என்றால், உடனே மூன்று மருந்து சொல்லிவிடுவார்கள்: கொள்ளு வேகவைத்த தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம். கொள்ளு தெலுங்குக்காரர் வீட்டில் உலவலு, கன்னடக்காரர் வீட்டில் ஹுருளி. வைத்தியம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட இரவுகளில் எனக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை வலி ஏறும். ஓசூரில் ஸ்கேன் எடுத்தபோது கல் என்றார்கள். செய்தி பரவியதும் மேற்படி மூன்றும் வீடு தேடி வந்தன.

நான் போய்ப் பார்த்த ஆயுர்வேத வைத்தியர் முதலில் கேட்டது, "ஐயா, கல் சிறுநீரகத்திலா, பித்தப்பையிலா?" என்றுதான். அந்த மூன்றும் சிறுநீரகக் கல்லுக்கு வழிவழியாகச் சொல்லப்படுபவை. அந்தக் கல் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. சிறியதாக இருந்தால் சிறுநீரோடு வெளியேறும். பித்தப்பைக் கல்லில் பெரும்பாலும் இருப்பது கொழுப்பு. சிறுநீர் போகும் வழிக்கும் பித்தப்பைக்கும் சம்பந்தமே இல்லை.

"கல்லைக் கரைக்கிறேன் என்று சொல்லமாட்டேன். செரிமானத்துக்கு மருந்து தருகிறேன், சாப்பாட்டை மாற்றுங்கள். காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தாலோ என்னிடம் வரவேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்.

போண்டா, பஜ்ஜி நின்றது. ராகிக் களி, கீரை, கொள்ளு ரசம், நீர்மோர் என்று வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். பட்டினி மட்டும் கூடாது என்றார். நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் பித்தநீர் பையிலேயே தேங்கும். உடம்பு வேகமாக இளைத்தாலும் கல் உண்டாகும்.

இதற்கிடையில் நண்பர் ஒருவர் போனில் அனுப்பினார்: இரவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் காலையில் பச்சைக் கற்கள் மலத்தோடு வந்துவிடுமாம். இப்படி ஒரு பெண்மணிக்கு வந்த 'கற்களை'ச் சோதித்து 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவை குடித்த எண்ணெயிலிருந்து வயிற்றுக்குள் உருவான சோப்புக் கட்டிகள்!

ஒரு வருடம் வலி இல்லை. பிறகு ஒரு தை மாத இரவில் வலி வந்தது, விடியும்வரை விடவில்லை, கூடவே காய்ச்சல். வைத்தியர் சொல் நினைவுக்கு வந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரி. பித்தப்பையில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டார்கள்.

பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் பெர்லினில் லாங்கன்புக், 1882-இல். நம் நாட்டில் அதை லேப்ராஸ்கோப்பி மூலம் முதலில் செய்தவர் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா, 1990-இல். ஆயுர்வேதத்துக்கும் கத்தி புதிதல்ல. சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருதர் அன்றே எழுதி வைத்திருக்கிறார்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல் என்றால் பதற வேண்டாம்; பலருக்கு அது கடைசிவரை தொல்லை தருவதில்லை. ஆனால் கஷாயம் காய்ச்சும் முன் எந்தக் கல் என்று கேளுங்கள். காய்ச்சலும் மஞ்சளும் வந்தால், கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.