பார்த்த பிறகுதான் பவர்

அடிபட்ட சவுண்ட் கார்டோடு யார் வந்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: "விழுந்ததுக்கு அப்புறம் ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?" இல்லை என்றால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அடி உடைத்ததைப் பெரும்பாலும் ஒட்டிவிடலாம். உடைந்த நிலையில் பாய்ந்த மின்சாரம் சிப்பைச் சுட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

திருப்பதியில் இந்தப் பழைய கார்டுகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா வீடு வீடாக ஒலித்த ஊர் இது. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள், ஹரிகதை, பஜனைக் குழுக்கள் தாங்களே பதிந்துகொண்டவை என்று கேசட்டுகள் பீரோக்களில் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற ஸ்டீரியோ லைன்-இன் வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அந்த நீல ஜாக் கிடையாது. மலிவான யூஎஸ்பி கார்டுகள் பலவற்றில் இருப்பது மோனோ மைக் மட்டுமே. ஆகவே பழைய மேசைக் கணினியும் அதில் ஒரு பிசிஐ கார்டும்தான் கதி. டேப்ரெக்கார்டர் ஒயர் யார் காலிலாவது மாட்டும். ஜாக் பெயர்ந்து வரும்.

பெயர்ந்த ஜாக்கைத் திரும்ப வைத்து ஈயம் வைப்பது சுலபம். ஏமாறும் இடமும் அதுதான். ஜாக்கின் கால் இறங்கும் துளைக்குள் மெல்லிய செம்புக் குழல் ஒன்று போர்டின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் இணைக்கிறது. இழுத்த வேகத்தில் அந்தக் குழலும் கூடவே வந்துவிடும். அடியில் ஈயம் பளபளவென்று இருக்கும், மேல் தடத்துக்குத் தொடர்பே இருக்காது, ஒரு பக்கம் ஊமையாகிவிடும். தடத்தின் மேலுள்ள பச்சைப் பூச்சை பிளேடால் மெல்லச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, எனாமல் கம்பியின் ஓர் இழையால் பாலம் போட வேண்டும். 63/37 ஈயம் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயமில்லாத கலவைக்கு 217க்கு மேல் வேண்டும். பிற்காலக் கார்டுகளில் பெரும்பாலும் பின்னதுதான். உருகவில்லையே என்று அயர்னை அழுத்தினால் பேடு கழன்றுவிடும். பொறுமையாக ஃபிளக்ஸ் சேர்ப்பதே வழி.

தூசி தட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, கசகசா போன்ற கெபாசிட்டர் தெறிப்பதும் உண்டு. தெறித்ததைத் தரையில் தேடி எடுத்து வாருங்கள். பல கெபாசிட்டர்களில் மதிப்பு அச்சிட்டிருக்காது. வெளியேறும் வழியிலுள்ள கெபாசிட்டர் போனால் அங்கே கம்பியைப் போட்டு இணைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் வரும்தான். அதோடு சிப்பின் நேர்மின்னோட்ட அழுத்தமும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அதைத் தடுக்கத்தானே அந்தக் கெபாசிட்டர் அங்கே இருக்கிறது!

கண்ணுக்குத் தெரியாத அடி இரண்டு. கார்டு கீழே விழுந்தால் 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் உள்ளே குவார்ட்ஸ் தகடு உடையலாம். உலோக மூடியில் ஒரு கீறல்கூட இருக்காது. போர்டு வளைந்தால் செராமிக் கெபாசிட்டர் உள்ளுக்குள் விரிசல் விட்டு ஷார்ட் ஆகலாம். அதனால் லென்ஸில் பார்த்த பிறகு மல்டிமீட்டர். 3.3, 5, 12 வோல்ட் தடங்களை ஒவ்வொன்றாக கிரவுண்டோடு வைத்துப் பார்ப்பேன். ஏதாவது ஒன்றில் பஸ்ஸர் அலறினால் கார்டு ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது. கழற்றும்போது சுவரிலிருந்தே பிளக்கை எடுத்துவிட வேண்டும்; ஷட்-டவுன் செய்த பிறகும் மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இருந்துகொண்டேதான் இருக்கும்.

நகரியிலிருந்து பஜனைக் குழுப் பெரியவர் ஒருவர் வந்தார். "நைனா, கார்டு போனா போகட்டும். எங்க குருநாதர் குரல் ஏறிக்கிட்டு இருந்தப்பதான் ஒயர் இழுத்துச்சு. அதுவும் போயிடுச்சா?"

"ஐயா, குரல் கார்டுல இல்ல, ஹார்டு டிஸ்குல இருக்கு. அந்த ஃபைலை அழிச்சிடலியே?"

அழிக்கவில்லை. பதிவு நடுவில் நின்றால் டபிள்யூஏவி ஃபைலின் தலைப்பில் நீளம் சரியாக எழுதப்பட்டிருக்காது, அதனால் பிளேயர் திறக்க மறுக்கும். அதுவரை டிஸ்கில் எழுதிய ஒலி பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆடாசிட்டியில் 'ரா டேட்டா' என்று இறக்கி, 16 பிட், ஸ்டீரியோ, 44,100 என்று கொடுத்தேன். ஒயர் இழுபட்ட இடம் வரைக்கும் பாட்டு முழுசாக இருந்தது. மீதியை ஏற்ற, கார்டைச் சரிசெய்து தரச் சொல்லி விட்டுப்போனார்.