செய்தவர்

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகள் உருப்போடும் பட்டியலில் மூன்று வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. வாசிப்பைச் சார்ந்தவை: மெயின் ஐடியா, தீம், டோன், ஐரனி. எழுதுவதைச் சார்ந்தவை: டாபிக் சென்டன்ஸ், பாரக்ராஃப், கன்க்ளூஷன். இலக்கணத்தைச் சார்ந்தவை: நௌன் முதல் பாசிவ் வாய்ஸ் வரை. சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு இவற்றைத் திரும்பப் படிக்கத் துணையிருந்து வருகிறேன். நாற்பது சொற்களையும் விளக்கங்களோடு ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஒரு பத்தியைக் காட்டி, இதில் டோன் என்ன என்று கேட்டால் விழிக்கிறது. சொல் தெரிகிறது, அது சுட்டும் இடம் தெரிவதில்லை.

இச்சொற்களை மனிதர்கள் உண்டாக்கினார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகைகள் கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தவை. லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ரோமானிய இலக்கணக்காரர்கள் அதை விட்டுவிட்டு, இன்டர்ஜெக்‌ஷனைத் தனி வகையாக்கி, எட்டு என்ற எண்ணைக் காப்பாற்றிக் கொண்டார்கள். அட்ஜெக்டிவ் நெடுங்காலம் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக் கொண்டார். மொழியை எங்கே வெட்டிப் பார்ப்பது என்பது பார்க்கிறவனின் தேவையைப் பொறுத்தது. ஐரனி என்ற சொல்லின் மூலத்தில்கூட, கிரேக்க நகைச்சுவை நாடகத்தில் தன்னைக் குறைத்துக் காட்டி நடிக்கும் ஒருவன் நிற்கிறான். யாரோ எதையோ கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தது பெயர் மட்டும்.

பாசிவ் வாய்ஸில் 'பை' என்று தொடங்கும் பகுதியை, செய்தவர் யாரென்று தெரியாதபோதோ, சொல்வது அவசியமில்லாதபோதோ விட்டுவிடலாம் என்பது விதி. ஒரு மாணவிக்குப் பத்து வாக்கியங்கள் கொடுத்து, விடக்கூடிய இடங்களில் விட்டுவிடச் சொன்னேன். ஒன்பதில் விட்டுவிட்டாள். அம்மா பாத்திரங்களைக் கழுவினாள் என்பதை மாற்றும்போது மட்டும் 'பை மதர்' அப்படியே நின்றது.

"இதுல மட்டும் ஏம்மா எடுக்கலே?"

"யாரு கழுவினதுன்னுதான் தெரியுமே, சார்."

அவளுடைய அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்.

விதியை அவள் எல்லோரையும்விட ஒழுங்காகப் படித்திருந்தாள். வீட்டில் நாம் 'பாத்திரம் கழுவியாச்சு' என்கிறோம். செயலுக்கு ஆளான பொருளையே வினைமுதல்போல வைத்துப் பேசுவதைத் தொல்காப்பியமும் வழக்கு என்று ஏற்கிறது. ஆக, செய்தவரை மறைக்க ஆங்கிலத்திடம் கற்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. 'கழுவியாச்சு' என்பதில் வேலை முடிந்த நிம்மதி இருக்கிறது; கழுவிய கை இல்லை. 'குடிசைகள் அகற்றப்பட்டன' என்று செய்தித்தாள் சொல்லும்போதும் கை இல்லை. பாசிவ் வாய்ஸ் என்ற கலைச்சொல்லுக்குப் பயன் உண்டென்றால் அது இங்கேதான். அகற்றியது யார் என்று அது கேட்க வைக்க வேண்டும்.

எழுதுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய பின் வந்த ஆண்டுகளில், ஆங்கில விமர்சனச் சொற்களுக்கு நாமும் ஈடு தேடிக் கொண்டோம். படிமம், குறியீடு, முரண்நகை, தொனி. செய்தே தீர வேண்டிய வேலைதான் அது. ஆனால் ஒரு கவிதையைப் 'படிமச் செறிவு கொண்டது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் மதிப்புரைக்கும், விடைத்தாளில் 'டோன்: ஸாட்' என்று நிரப்பும் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? பிள்ளைக்காவது மதிப்பெண் கிடைக்கிறது. எந்தச் சொல், எந்த வரியில், எதன் பக்கத்தில் நின்றதால் அப்படி ஆயிற்று என்று காட்டாதவரை, விமர்சகன் கவிதையைப் படித்தான் என்பதற்குச் சாட்சியம் இல்லை.

பிள்ளைகள் இப்போது என்னிடம் விளக்கம் ஒப்பிப்பதில்லை. சொல்லைச் சொன்னால் பத்தியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். இப்படிப் போனால் ஒரு மாலையில் மூன்று சொற்களுக்கு மேல் நகர முடியவில்லை. பரீட்சைக்கு இது போதாது என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டுக் கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். மதிப்புரை எழுதுகிறவர்களுக்குப் பரீட்சை எதுவும் இல்லை. அவர்கள் மூன்று சொற்களோடு உட்காரலாம்.