பத்து கெஜம்

ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக்கைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி, கணக்குப் பார்க்கும் வங்கிக் குமாஸ்தா என்பதுதான். ஹார்வர்டில் படித்த இந்த அமெரிக்கக் கால்பந்துக்காரரை 2005இல் 250ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 17 பருவங்கள், ஒன்பது அணிகள். எல்லாவற்றிலும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எங்கே எறிவதென்று தீர்மானிக்கிறவர். 2018இல் டாம்பா பே அணிக்காக அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் 400 கெஜத்துக்கு மேல் எறிந்தார். அதற்குமுன் எவரும் செய்ததில்லை. நான்காவது ஆட்டத்தில் பாதியிலேயே உட்காரவைத்தார்கள்.

கோப்பைச் சுற்றில் ஒருமுறைகூட ஆடாதவர் என்று கணக்கை மூடிவிடலாம். நம் விமர்சனமும் சிகரங்களைத்தான் எண்ணுகிறது. இதழுக்கு இதழ் பக்கங்களைத் தாங்கியவன் அதில் ஏறமாட்டான். இந்தப் பேரேட்டில் எனக்கு நம்பிக்கையில்லை.

2021இல், ஒன்பதாவது அணியின் முதல் ஆட்டத்தில், இடுப்பில் அடி. அதோடு சரி. மொத்தம் 34,990 கெஜம். 35,000க்குப் பத்து குறைகிறது. பத்து கெஜம் முன்னேறினால் அந்த ஆட்டத்தில் மறுபடி நான்கு முயற்சி தருவார்கள்.