எது முதலில் உடைய வேண்டும்?

மின்சார ஸ்கேட்போர்டில் காலுக்கு இருக்கும் வேலை நிற்பதும் சாய்ந்து திருப்புவதும்தான். வேகம் கூட்டுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் கையிலுள்ள ரிமோட்டின் பொறுப்பு. கீழே விழுகிறவர் முதலில் ஊன்றுவதும் அதே கையைத்தான். ஆக, வண்டியின் மொத்தக் கட்டுப்பாடும் விபத்தில் முதலில் அடிபடும் இடத்தில் இருக்கிறது. இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டும் ஒரு பட்டறையைப் பார்க்கத்தான் கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்குப் போனேன்.

பட்டறை என்றால் வீட்டையொட்டிய கார் கராஜ். சுவரோரம் த்ரீடி பிரின்டர்கள், மூலையில் ஒரு பெல்ட் சாண்டர். வேலை செய்வது இரண்டே பேர். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், முன்பு மோட்டார் சைக்கிள் மெக்கானிக். மற்றவர் சர்க்யூட்டும் மென்பொருளும் பார்க்கும் இளம்பெண். உள்ளங்கைக்குள் அடங்கி, புறங்கை வழியே பட்டை போட்டுக் கட்டும் ரிமோட்டைச் செய்கிறார்கள்.

கலிபோர்னியாவுக்கு இந்த வண்டி புதிதல்ல. சீல் பீச்சைச் சேர்ந்த லூயி ஃபிங்கிள் 1990களின் கடைசியிலேயே கம்பியில்லா ரிமோட்டோடு மின் பலகை விற்றவர். மின் பலகை செய்துவந்த பூஸ்டட் நிறுவனம் 2020இல் கடையைக் கட்டியபோது, பலகை நன்றாக ஓடியும் ரிமோட்டைத் தொலைத்தவர்கள் உதிரிக்கு அலைந்தார்கள். சுவீடனின் பெஞ்சமின் வெட்டர் வடிவமைத்துப் பொதுவில் வைத்த ‘வெஸ்க்’ மோட்டார் கன்ட்ரோலர் இல்லையென்றால் இதுபோன்ற கராஜ் பட்டறைகள் தலையெடுத்திருக்குமா என்பதே சந்தேகம். வேக அளவு சரியாக வந்து சேர்ந்தால் போதும், ரிமோட் யார் செய்தது என்று அது கேட்பதில்லை.

மெக்கானிக் ஒரு செத்த ரிமோட்டைப் பிரித்துக் காட்டினார். கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோலுக்கு அடியில் பொட்டென்ஷியோமீட்டர். கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசி உரசி அளவைச் சொல்லும். நாள்பட்டால் தடம் தேயும், வியர்வையும் புழுதியும் உள்ளே இறங்கும், அளவு துள்ளும். பழைய ரேடியோப் பெட்டியில் இதே கோளாறு வந்தால் வெறும் கரகரப்பு. இங்கே ஆள் குப்புற விழுவார்.

இவர்கள் நெம்புகோலில் ஒரு சிறு காந்தத்தைப் பதித்து, எதிரே காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சரை வைக்கிறார்கள். ஒன்றையொன்று தொடுவதில்லை, அதனால் தேய்வதும் இல்லை. எனக்குப் பிடித்தது இதற்கடுத்த நுணுக்கம். பக்கத்தில் காந்தப்புலமே இல்லாதபோது இந்த வகை சென்சர், தனக்குக் கொடுத்த மின்னழுத்தத்தில் பாதியைத் தரும். அந்தப் பாதியையே ‘சும்மா இரு’ என்பதற்கு ஒதுக்கிவிட்டார்கள். விழுந்த அடியில் காந்தம் கழன்று தெறித்தாலும் பலகைக்குப் போகும் சேதி ‘சும்மா இரு’தான். கம்பி அறுந்தால் அளவு அடிமட்டத்துக்கோ உச்சிக்கோ போய்விடும். நெம்புகோல் அந்த எல்லைகளை எட்டாதபடி அமைத்திருப்பதால், அப்படியோர் அளவு வந்தாலே கோளாறு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

பேசிக்கொண்டே அந்தப் பெண் ரிமோட்டின் உறையில், திருகாணி பிடிக்கும் பித்தளைத் திருகுக்கூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். துளையின் வாயில் கூட்டை வைத்து சாலிடரிங் அயர்னின் முனையால் தொடுகிறார். அழுத்தவில்லை. பிளாஸ்டிக் இளக இளக, அயர்னின் கனத்திலேயே பித்தளை மெல்ல உள்ளே போகிறது. மயிரிழை மீதி இருக்கும்போது அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான இரும்புத் தகட்டை வைத்து அமுக்குகிறார். விளிம்போடு சமமாகி அப்படியே இறுகிவிடுகிறது. அயர்னாலேயே கடைசிவரை தள்ளினால் கோணிக்கொள்ளுமாம். நெம்புகோலையோ த்ரீடி பிரின்டரில் படுக்கவைத்துத்தான் அச்சிடுகிறார்கள். நிற்கவைத்து அச்சிட்டால் விறகு நார்வாக்கில் பிளப்பதுபோல அடுக்குவாக்கில் பிளந்துவிடும்.

வெளியுறை டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக். தார்ச்சாலையில் தேய்வதற்கென்றே போட்டது, கழற்றி வேறு மாட்டலாம். அதைப் பெல்ட் சாண்டரில் பிடித்து எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

படாதபாடு படுத்தியது பட்டைதான். முதலில் அறவே அறாத நைலான் பட்டையைப் போட்டார்களாம். மோதிரம் எதிலாவது மாட்டி விரல் சதையையே உரித்துவிடும் விபத்துகள் உண்டு. கையோடு கட்டிய எதற்கும் அந்த ஆபத்து பொருந்தும். அதனால் இப்போது பட்டையில் ஓரிடத்தை மட்டும் மெல்லிய நூலால் தைக்கிறார்கள். உதறினால் அறாது, உடம்பின் கனம் விழுந்தால் அறுந்துவிடும். “உறை தேயட்டும், அப்புறம் பட்டை அறட்டும். சர்க்யூட் கடைசியில். விரல் இந்தக் கணக்கிலேயே வரக்கூடாது” என்றார் மெக்கானிக்.

பதற்றத்தில் கை தானாக இறுகும் என்பதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். விரலால் அமுக்கும் டிரிகர் என்றால், பயந்து கையை இறுக்கியவருக்கு வேகம் கூடிவிடும். இங்கே வேகம் கூட்டக் கட்டைவிரலை முன்னே தள்ள வேண்டும். மடக்கினால் பிரேக், அதுவும் படிப்படியாகத்தான் ஏறும். இறுகிய கை இன்னொன்றையும் செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் நன்றாக உறிஞ்சும், மூடிய கைக்குள் ஆன்டெனா இருந்தால் சிக்னல் மங்கும். ஆகவே ஆன்டெனாவை விரல்கள் மூடாத வெளிவிளிம்புக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

அப்படியும் சிக்னல் அறுந்தால் பலகை என்ன செய்வது? இதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மோட்டாரை விட்டுவிட வேண்டும், தானாக உருண்டு நிற்கட்டும் என்பது அந்தப் பெண்ணின் கட்சி: எதிர்பாராத பிரேக் ஆளைத் தூக்கியெறியும். மெக்கானிக்கோ சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் ஓட்டிப் பழகியவர். இறக்கத்தில் விட்டுவிட்டால் எங்கே போய் நிற்பது, மெதுவாக ஏறும் பிரேக்தான் வேண்டும் என்கிறார். பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் பிரேக் திருப்பியனுப்பும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, அப்போது பிரேக்கே கைவிடும் என்று அந்தப் பெண் மடக்கினார். இப்போதைக்கு இரண்டையும் வைத்து, ஓட்டுபவரே தேர்ந்துகொள்ள விட்டிருக்கிறார்கள். புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது எது இருக்க வேண்டும் என்ற சண்டை நான் கிளம்பும்போதும் ஓயவில்லை. என் ஓட்டு அந்தப் பெண்ணுக்குத்தான். நான் சமவெளிக்காரன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.